போலீசில் எழுதாத விபத்து: நஷ்டஈடு கேட்க முடியுமா?



மார்கழி, தை மாத விடியற்காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பனி எப்படி இருக்கும் என்று படப்பைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எதிரில் வரும் ஆள் தெரியாது. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆள் ஏற்றும் வண்டிகளும் அந்த நேரத்தில்தான் பறக்கும். பால் ஊற்றவோ, பஸ் பிடிக்கவோ ரோட்டைக் கடக்கும் நம் உறுப்பினர் ஒருவரை ஒரு கார் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கால் எலும்பு முறிந்துவிட்டது. கார்க்காரரே ஆஸ்பத்திரியில் சேர்த்து, "போலீசு கேசெல்லாம் வேண்டாம்மா, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். வீட்டிலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். இருபது நாள் போனதும் அவர் போனை எடுப்பதில்லை. போலீசிலோ ஒரு வரிகூட பதிவில்லை. இனி என்ன செய்வது?

கேட்கலாம். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166வது பிரிவுப்படி, அடிபட்டவரே நேராக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். டிரைவரைத் தண்டிக்கும் வழக்கு வேறு, இது வேறு. எப்.ஐ.ஆர். ஒரு முக்கியமான சாட்சி, அவ்வளவுதான். ராஜஸ்தானில் லாரி மோதிய ஒரு சிறுவனின் வழக்கில், போலீசில் தாமதமாகப் புகார் கொடுத்ததை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவர்களும் உறவினர்களும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள், ஸ்டேஷனுக்கு அல்ல என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மனுக்களில் கொலைக் கேசு மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும் என்று 2009லும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதற்காக சும்மா போய் நின்றால் கிடைத்துவிடாது. இன்சூரன்ஸ் வக்கீலின் முதல் கேள்வியே "ஏன் போலீசுக்குப் போகல?" என்பதாகத்தான் இருக்கும்.

நம் பெண்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்த நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். இடித்தவர் பக்கத்திலேயே நிற்பார். பாவம் அவருக்கு ஏன் தொந்தரவு என்று, "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு கார் இடித்தது என்றால் யார் நம்புவார்கள்? எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். ஆகவே யார் நின்றாலும் நடந்ததைச் சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 108ல் போயிருந்தால் அந்தப் பதிவும் உதவும். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், கார்க்காரர் பணம் அனுப்பியிருந்தால் அதன் ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

நாள் கடந்துவிட்டாலும் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எப்.ஐ.ஆர். போட்டார்களா என்று மறுபடி போய்க் கேளுங்கள். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்; நம் பகுதிக்குத் தாம்பரம் காவல் ஆணையரகம் இருக்கிறது. அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால், வண்டி நம்பரைக் கொடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நம்பர் தெரியவில்லை என்பதற்காக யாரோ தெரிந்தவர் வண்டியைச் சேர்க்கலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். அது மோசடிக் கேசாகி உங்கள் தலையில்தான் விடியும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தில், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வண்டி ஒரு மாதத்தில் கிடைக்கவில்லை என்றால் இந்தத் திட்டத்தைப் பற்றிப் போலீசாரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயமுத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கு அது.

காலக்கெடு முக்கியம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போடணும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கட்டு பிரிக்கட்டும், கல்யாணம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். விபத்து நடந்த ஊரோ, நீங்கள் குடியிருக்கும் ஊரோ, எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லையில் வருகிறதோ அங்கே போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காஞ்சிபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

"நான் வீட்ல சும்மாதானே இருக்கேன், எனக்கு என்ன வருமான நஷ்டம்?" என்று சொல்லாதீர்கள். வீட்டு வேலைக்கும் வருமானக் கணக்கு உண்டு என்பதை 2021லும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. தையல், மாடு, இட்லிக்கடை என்று தொழில் செய்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. நம் குழுவின் கடன் பதிவேடும் சேமிப்புப் பாஸ்புக்கும் இருக்கிறதே! எந்தத் தொழிலுக்குக் கடன் வாங்கினார், எந்த மாதம் வரை தவணை ஒழுங்காகக் கட்டினார், அடிபட்ட பிறகு எத்தனை கூட்டத்துக்கு வரவில்லை என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கும். உறுப்பினர் யாருக்காவது விபத்து என்று தெரிந்தால், ஊக்குநர் அடுத்த கூட்டத்துத் தீர்மானப் புத்தகத்திலேயே நடந்த நாள், இடம், வண்டி நம்பர் எல்லாம் எழுதி, வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வைக்கணும்.