செராமிக் கரி அடுப்பு: முதல் நாள் பாடம்

பொருளை விற்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதைக் கையாளும் முறையையும் சொல்லித் தர வேண்டும். முட்டை வடிவில் கனத்த மூடியுடன் வரும் செராமிக் கரி அடுப்பு, ஜப்பானியரின் 'கமாடோ' அடுப்பு வழி வந்தது. இதை விற்கும்போது நாம் சொல்ல வேண்டியவை:

1. முதல் சில சமையல்களுக்கு 150 டிகிரி செல்சியஸ் சூடு போதும். எடுத்த எடுப்பில் பெருஞ்சூடு ஏற்றினால் மூடி விளிம்பில் ஒட்டிய நாடாவின் பசை விட்டுவிடும்.

2. கட்டைக் கரியே ஏற்றது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அடுப்பின் சுவர் அந்த நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

3. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மேல், கீழ்க் காற்றுத் துளைகளே. சமையல் முடிந்ததும் இரண்டையும் அடைத்தால் நெருப்பு அணையும். மிச்சக் கரி மறுமுறைக்கு உதவும். தண்ணீர் ஊற்றினால் அடுப்பு விரிசல் விடும்.

4. சூடான அடுப்பின் மூடியைச் சட்டெனத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறும். இரண்டு அங்குலம் தூக்கி, சற்றுப் பொறுத்தே திறக்க வேண்டும்.

5. வீட்டுக்குள் மூட்டவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் ஆளைக் கொல்லும்.

கடைசி இரண்டையும் பில்லின் பின்புறம் எழுதியே கொடுப்போம். வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் கரி வாங்க மறுபடியும் நம் கடைப்படி ஏறுவார்.