எவர்சில்வர் வண்டியும் துருப் பிடிக்குமா?

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



"எவர்சில்வர் துருப் பிடிக்காது" என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். போன வருஷம் என் அப்பா வேலை பார்க்கும் பட்டறையில் நடந்த சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அப்பா பால் டேங்கர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். புதிதாகக் கட்டி அனுப்பிய ஒரு டேங்கர், மழையில் நனைந்து, பத்தே நாளில் வெளிப்பக்கமெல்லாம் செம்புள்ளியோடு திரும்பி வந்தது. முதலாளி ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார். வெல்டிங் ஓரத்தில் லேசாக ஒட்டியது. "டூப்ளிகேட் தகடு! நல்ல தகட்டை மாத்திட்டீங்க" என்று அப்பா மேல் பழி போட்டு, இரண்டு வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "நீ டிப்ளமோ படிக்கிறியே தம்பி, இது ஏன்னு சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிறகு ஆசிரியரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காவல்காரன் யார்?

எவர்சில்வரும் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க ஆராய்ச்சி செய்தபோது இத்தகைய எஃகை உருக்கினார். இதிலுள்ள குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலம் உண்டாக்கும். அதன் கனம் சில நானோமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைத்தால் தானாகவே மூடிக்கொள்ளும். இந்தப் படலம்தான் காவல்காரன்!

காவல்காரன் தோற்பது எப்போது?

1. இரும்புத் தூள்: சாதா இரும்பைத் தேய்த்த அதே டிஸ்கால் எவர்சில்வரைத் தேய்த்தால், இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். மழை பட்டதும் துருப் பிடிப்பது அந்தத் துகள்தான். அப்படியே விட்டால் அதன் அடியில் தகடும் அரிக்கத் தொடங்கும்.

2. உப்பு: குளோரைடு, படலத்தைத் துளைத்துக் குழி போடும். கடற்காற்று, பிளீச்சிங் பவுடர், ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாமே ஆபத்து. 304 ரகத்தைவிட, மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இதை நன்றாகத் தாங்கும்.

3. வெல்டிங் சூடு: சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடுவதால், அந்த இடம் பலவீனமாகும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 304எல் ரகம் அதற்காகவே வந்தது.

4. இடுக்கு: தகடும் தகடும் சேரும் இடத்தில் அழுக்குத் தண்ணீர் தங்கினால், அங்கே ஆக்சிஜன் குறைந்து படலம் புதுப்பிக்கப்படாது.

சரி, காந்தம் ஏன் ஒட்டியது? 304 தகட்டை வளைத்தாலோ வெல்டு செய்தாலோ அந்த இடத்தில் கொஞ்சம் காந்தத் தன்மை வருவது இயற்கை. இன்னொன்றும் பாருங்கள். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-ல் பழைய வகை ரயில் பெட்டிகளை நிறுத்திவிட்டு, எல்.எச்.பி. வகைக்கு முழுவதுமாக மாறியது. அதன் பக்கச்சுவர், சுமார் 11 சதவீதம் குரோமியம் உள்ள ஃபெரிட்டிக் எவர்சில்வர். அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும்! எனவே காந்தத்தை மட்டும் வைத்துத் தகட்டை டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டிலும் இதே கதை

1981 முதல் வட அயர்லாந்தில் தயாரான டெலோரியன் காருக்கு வெளித் தகடு பெயிண்ட் அடிக்காத 304 எவர்சில்வர். தகடு நின்றது, உள்ளே இருந்த சாதா எஃகுச் சட்டம்தான் பல கார்களில் துருப் பிடித்தது. 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கிலும், சில மாதங்களிலேயே செம்புள்ளி வந்ததாக உரிமையாளர்கள் சிலர் சொன்னார்கள். மேலே படிந்த இரும்புத் துகள்தான் துருவாகிறது, துடைத்தால் போய்விடும் என்று அந்நிறுவனப் பொறியாளர் விளக்கினார். அப்பா கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்!

எங்கள் சோதனை

பட்டறையிலிருந்து ஒரே தகட்டின் இரண்டு துண்டுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். ஒன்றைப் பழைய டிஸ்காலும், மற்றொன்றைப் புது டிஸ்காலும் தேய்த்தோம். துளி கந்தக அமிலம் சேர்த்த மயில்துத்தக் கரைசலை இரண்டிலும் தடவினோம். சில நிமிடத்தில் பழைய டிஸ்க் பட்ட துண்டில் மட்டும் செம்பு படிந்து சிவந்தது. இரும்பு இருந்தால்தான் அப்படிச் சிவக்கும். (பால் படும் உள்பக்கத்தில் இச்சோதனை செய்யக் கூடாது.)

இரண்டு துண்டையும் முதலாளியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். டேங்கரின் வெளிப்பக்கத்தைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவியதும் புள்ளி போய்விட்டது. பிடித்த கூலியில் பாதிதான் திரும்பி வந்தது. ஆனால் இன்று அங்கே எவர்சில்வருக்குத் தனி டிஸ்க், தனி பிரஷ், தனி மேஜை.

தோழர்களே! நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். புள்ளியைப் பார்த்ததும் தொழிலாளியைச் சந்தேகப்படாமல், முதலில் டிஸ்கைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். படிப்பு எதற்கு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.