மலைச்சரிவில் ஒரு மண் ஓடுபாதை

(அமுக்கம், அடர்த்தி, நேர்கோட்டியக்கம் ஆகிய அலகுகளுக்கான மீட்டல் பாடம்)

மேற்குறித்த மூன்று அலகுகளையும் நீங்கள் தனித்தனியாகக் கற்றிருப்பீர்கள். ஆனால் அவை ஒரே கட்டமைப்பு வினாவில் சேர்ந்து வரும்போது பலர் தடுமாறுவர். மூன்றும் ஒருங்கே தொழிற்படும் ஓர் இடத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குச் செல்லும் வழியில் உள்ள லுக்லா ஓடுபாதையே அது.

1953 இல் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்டின் உச்சியை அடைந்த எட்மண்ட் ஹிலாரி, பின்னர் ஷேர்பா மக்களின் ஊர்களில் பாடசாலைகளும் வைத்தியசாலையும் அமைக்க முற்பட்டார். அதற்குரிய பொருட்களை மனிதர் முதுகில் சுமந்து நாட்கணக்காக நடக்கவேண்டியிருந்தது. எனவே 1964 இல் லுக்லாவில் மலைச்சரிவொன்றைச் செப்பனிட்டு மண் ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. மண்ணை இறுக்க உருளை இயந்திரம் இருக்கவில்லை. ஷேர்பா மக்கள் கைகோத்து வரிசையாக நின்று, ஆடி மிதித்தே நிலத்தை இறுக்கினர். 2001 இல் தார் இடப்படும் வரை விமானங்கள் இறங்கியது அந்த மண்ணில்தான்.

இதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2860 மீற்றர். எமது நாட்டின் மிகவுயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியே 2524 மீற்றர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடுபாதையின் நீளமோ 527 மீற்றர் மட்டுமே. கீழ் அந்தத்தில் ஆழமான பள்ளத்தாக்கு, மேல் அந்தத்தில் மலை. ஆகையால் கீழிருந்து மேல்நோக்கியே இறங்கவேண்டும். மேலிருந்து கீழ்நோக்கியே புறப்படவேண்டும்.

இவ்விடத்தில் இறங்குவது ஏன் கடினம்? "உயரம் கூடும்போது புவியீர்ப்பு குறைவதால்" என்று எழுதுபவர் பலர். இது பிழையான விடை. 2860 மீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய அளவாகும். விமானத்தின் நிறை நடைமுறையில் மாறுவதில்லை. மாறுவது வளியே.

கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். லுக்லாவின் உயரத்தில் அது ஏறத்தாழ 71 கிலோபஸ்கால். (இதனாலேயே அங்கு நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் கொதித்துவிடுகிறது. இதுவும் பரீட்சையில் அடிக்கடி கேட்கப்படும் விடயமே.) அமுக்கம் குறைய, வளியின் அடர்த்தியும் குறையும். 15 பாகை செல்சியசில் கடல் மட்டத்தில் ஒரு கனமீற்றர் வளியின் திணிவு 1.225 கிலோகிராம், அதே வெப்பநிலையில் லுக்லாவில் 0.86 கிலோகிராம். நண்பகலில் வளி வெப்பமடைந்தால் இது மேலும் குறையும்.

விமானத்தின் செட்டைகளில் தொழிற்படும் தூக்குவிசை, வளியின் அடர்த்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமனாகும். இத்தொடர்பை நீங்கள் மனனம் செய்யத் தேவையில்லை, ஆனால் விளங்கிக்கொள்ளுங்கள். அடர்த்தி குறைந்த வளியில் அதே நிறையைத் தாங்க, கூடிய வேகம் வேண்டும். கடல் மட்டத்தில் 35 மீ/செக் வேகத்தில் இறங்கக்கூடிய விமானம் லுக்லாவில் ஏறத்தாழ 42 மீ/செக் வேகத்தில் இறங்கவேண்டும். விமானத்தின் வேகமானியோ வளியின் அமுக்கத்தைக் கொண்டு வேகத்தைக் காட்டும் கருவி. ஆகவே இரண்டு இடங்களிலும் அது ஒரே அளவையே காட்டும். கருவியைப் பார்க்கும் விமானிக்கு எல்லாம் வழமைபோலத் தோன்றும். நிலமோ வேகமாக ஓடிவரும்.

இப்போது கணிப்புக்கு வருவோம். இங்கு பயன்படும் சமன்பாடு: இறுதி வேகத்தின் வர்க்கம் = ஆரம்ப வேகத்தின் வர்க்கம் + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி. தடுப்புகளால் 2 மீ/செக்² அமர்முடுகல் கிடைக்கிறது எனக் கொள்வோம். விமானம் ஓய்வுக்கு வருவதால் இறுதி வேகம் பூச்சியம். அமர்முடுகலுக்கு மறைக்குறி இட மறக்கவேண்டாம்.

கடல் மட்டத்தில்: (35 × 35) ÷ (2 × 2) = 306 மீற்றர்.
லுக்லாவில், ஓடுபாதை கிடையாக இருந்தால்: (42 × 42) ÷ (2 × 2) = 441 மீற்றர்.

வேகம் 7 மீ/செக் மட்டுமே கூடியது. தூரமோ 135 மீற்றர் கூடிவிட்டது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதன் கருத்து இதுதான். 527 மீற்றர் ஓடுபாதையில், விமானி தொடக்கத்திலிருந்து 100 மீற்றர் தாண்டி நிலத்தைத் தொட்டால் விமானம் மலையில் மோதியே நிற்கும்.

இங்கேதான் சரிவு கைகொடுக்கிறது. ஓடுபாதை ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 12 மீற்றர் உயர்கிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 மீ/செக்² எனக் கொண்டால், சரிவின் வழியே அதன் கூறு ஏறத்தாழ 1.2 மீ/செக்² ஆகும். மொத்த அமர்முடுகல் 3.2 மீ/செக்². ஆகவே தூரம்:

(42 × 42) ÷ (2 × 3.2) = 276 மீற்றர் (கிட்டிய மீற்றருக்கு).

கடல் மட்டத்துச் சமதரையில் வேண்டியதைவிடவும் குறைவு! மலை பறித்த தூரத்தை மலையின் சரிவே திருப்பித் தருகிறது. புறப்படும்போது இதே கூறு ஆர்முடுகலாக உதவும். பப்புவா நியூகினியின் மலைநாட்டிலும் இவ்வாறு சரிவான மண், புல் ஓடுபாதைகள் பல உள்ளன.

ஆனால் சரிவு கண்ணை ஏமாற்றும். மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதையை எதிரே காணும் விமானிக்குத் தான் மிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தால், ஓடுபாதை தொடங்கும் முன்னரே நிலத்தில் மோத நேரிடும். மீண்டும் மேலெழும்பிச் சுற்றிவரலாம் என்றால், முன்னால் மலை. அடர்த்தி குறைந்த வளியில் ஒட்சிசனும் குறைவு என்பதால் என்ஜினின் வலுவும் குறைந்திருக்கும். எனவே இறங்குவதா திரும்புவதா என்பதைப் பள்ளத்தாக்கில் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். 2008 ஒக்டோபர் 8 ஆம் திகதி, மூடுபனியினூடாக இறங்க முயன்ற விமானம் ஒன்று ஓடுபாதையைச் சற்று எட்டாமல் மோதியதில் அதிலிருந்த 19 பேரில் 18 பேர் உயிரிழந்தனர். தப்பியவர் விமானி ஒருவரே.

காற்றையும் கவனியுங்கள். பகலில் மலைச்சரிவுகள் வெப்பமடைய, பள்ளத்தாக்கின் வழியே காற்று மேல்நோக்கி வீசும். (கடற்காற்று உண்டாகும் முறையுடன் ஒப்பிட்டு எழுதுங்கள்.) மேல்நோக்கி இறங்கும் விமானத்துக்கு இது பின்காற்று. 5 மீ/செக் பின்காற்று வீசினால் நிலம் சார்பான வேகம் 47 மீ/செக் ஆகிவிடும். லுக்லாவுக்கான பறப்புகள் பெரும்பாலும் காலையிலேயே இடம்பெறுவதற்கு இது ஒரு காரணம்.

மண் பாதைக்கே உரிய சிக்கல் உராய்வு. மழையில் நனைந்த மண்ணில் சில்லுகள் வழுக்கும். தடுப்பைப் பிரயோகித்தாலும் மேலே நாம் கொண்ட 2 மீ/செக்² கிடைக்காது. புறப்படும்போதோ அதே சேறு சில்லுகளைப் பிடித்துவைக்கும். சேறு இரண்டு வேளையிலும் எதிரியே.

பயிற்சி

1. மேற்படி 5 மீ/செக் பின்காற்றுடன், 3.2 மீ/செக்² அமர்முடுகலில் நிற்கத் தேவையான தூரத்தைக் காண்க. (விடை: ஏறத்தாழ 345 மீற்றர்)

2. சரிவில் விமானத்தை நிறுத்த 1 மீ/செக்² தடுப்பு அமர்முடுகல் மட்டுமே ஈரமண்ணில் கிடைக்குமாயின், 42 மீ/செக் வேகத்தில் நிலத்தைத் தொடும் விமானம் எவ்வளவு தூரம் ஓடும்? (விடை: ஏறத்தாழ 401 மீற்றர்)

3. 5000 கிலோகிராம் திணிவுடைய விமானம் 42 மீ/செக் வேகத்தில் நிலத்தைத் தொட்டு, 60 மீற்றர் உயரமான மேல் அந்தத்தை அடைந்து நிற்கிறது. அதன் ஆரம்ப இயக்க சக்தி, பெற்ற அழுத்தசக்தி ஆகியவற்றைக் காண்க. (விடை: 4 410 000 யூல், 3 000 000 யூல்) எஞ்சிய சக்தி எவ்வடிவங்களாக மாறியது என விளக்குக.