பெட்டியில் கிடந்த வெள்ளியும் சகோதரியின் பங்கும்

வாப்பா மவுத்தான பின், பெட்டியில் கறுத்துக் கிடந்த வெள்ளிப் பன்னீர்ச்செம்பையும் தாம்பாளத்தையும் மகன் எடுத்து வைத்துக்கொள்கிறார். பழஞ்சாமான்தானே என்று சகோதரிகளும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து விற்கப் போகும்போதுதான், வெள்ளியின் எடைக்கும் மேலாகப் பழைய வேலைப்பாட்டுக்கே பெரும் விலை உண்டென்று தெரிய வருகிறது. இப்போது அது யாருக்குரியது என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

வைத்திருந்தவருக்கு மட்டும் உரியதன்று. பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்பது திருமறையின் தீர்ப்பு (4:7). கடனும் வஸிய்யத்தும் போக, ஒரு மகனும் இரு மகள்களும் மட்டுமே வாரிசுகள் எனில், சொத்து நான்கு பாகமாகும். மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. 4 லட்சம் ரூபாய்க்கு விலைபோனால் சகோதரிக்கு 1 லட்சம். பங்கிடாத பொருள் எத்தனை ஆண்டுகள் ஒருவர் கையிலிருந்தாலும் அவருடையதாகிவிடாது. இன்றைய விலையை மறைத்து, அற்பத் தொகை கொடுத்துச் சமாதானம் செய்வது மோசடியாகும்.

ஜகாத்தின் கணக்கு வேறு. அங்கே வேலைப்பாட்டின் விலை நிஸாபைத் தீர்மானிப்பதில்லை. வெள்ளியின் எடையே தீர்மானிக்கும். நிஸாப் 200 திர்ஹம். அதாவது சுமார் 595 கிராம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் 612 கிராம் என்பர். அவரவர் பங்கு அதை எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கடமை.

வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, விலை கேட்கப் புறப்படுமுன் சகோதரிகளை அழைப்போம். அவர்கள் முன்னிலையிலேயே நிறுப்போம். பிறர் ஹக்கைச் சுமந்து மறுமைக்குச் செல்வதிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.