காரணத்தைக் கேட்டறிவோம்

ஊர்ச் சிரமதானத்துக்கு ஒருவர் வரவில்லையென்றால், "அவன் சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம். நாம் போகாவிட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சல்", "கூலிவேலை கிடைத்தது, விடமுடியவில்லை" என்கிறோம். நமது செயலுக்குக் காரணம் சூழ்நிலை. பிறர் செயலுக்குக் காரணம் அவரது குணம். நமக்கொரு கொத்தும் அயலவருக்கு இன்னொரு கொத்தும் வைத்து அளக்கிறோம்.

ஏன் இப்படி? நமது கஷ்டம் நமக்குத் தெரியும். மற்றவரைப் பார்க்கும்போது ஆள் மட்டுமே கண்ணில் படுகிறார்; அவரது வீட்டு நிலைமை படுவதில்லை. இந்தப் பழக்கத்தை, காரணம் காண்பதில் நேரும் அடிப்படைத் தவறு என்று லீ ரொஸ் என்ற உளவியலாளர் 1977இல் குறிப்பிட்டார்.

ஓர் ஆய்வு

நல்ல சமாரியன் உவமையை நாம் அறிவோம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு டார்லி, பற்சன் என்ற இருவர் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரையொன்று நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இதே உவமைதான். வழியில் ஒருவர் இருமி முனகியபடி சாய்ந்து கிடந்தார். அவரை அங்கே இருத்தியவர்கள் ஆய்வாளர்களே.

நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதத்தினர் உதவினர். ஏற்கெனவே பிந்திவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 வீதத்தினரே உதவினர். உவமையைப் பற்றிப் பேசப் போனவர்களா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. விலகிப் போனவரைக் "கல்நெஞ்சன்" என்போம். அவரைத் தள்ளிக்கொண்டு போனதோ அவசரம்.

நம்மிடையே

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, செம்மண் தோட்டத்தில் கிணற்றுநீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த பலர் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் போனார்கள். இரவற் காணியில் குடில் போட்டவர் தென்னை நடாததைக் கண்டு, "நிவாரணத்துக்குப் பழகிவிட்டார், ஊக்கமில்லை" என்று சொல்வது எளிது. தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். எப்போது எழும்பச் சொல்வார்களோ என்றிருக்கும் காணியில் யார் தென்னை நடுவார்?

மறுபுறமும் பார்ப்போம். தண்ணீர் அள்ள விடாத வீட்டுக்காரரை "ஈவிரக்கமற்றவர்" என்பதும் எளிது. கோடையில் அந்தக் கிணற்றில் எவ்வளவு நீர் ஊறுகிறது, எத்தனை குடும்பங்கள் அள்ளுகின்றன என்று எண்ணிப் பார்க்கிறோமா?

ஏலியும் அன்னாளும்

பிள்ளையில்லாத துயரத்தில் அன்னாள் ஆலயத்தில் மன்றாடினாள். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். அவள் தன் வேதனையைச் சொன்னாள். ஏலி தம் எண்ணத்தை மாற்றி, அவளைச் சமாதானத்தோடு அனுப்பினார் (1 சாமுவேல் 1). முதலில் தவறாக நினைத்தாலும், அவள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

நாம் செய்யக்கூடியது

சூழ்நிலையை அறிவது குற்றத்தை மூடிமறைப்பதாகாது. சங்கப் பணத்தை எடுத்தவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும். ஆனால் சரியான காரணம் தெரிந்தால்தான் சரியான பரிகாரம் கிடைக்கும். சிரமதானத்துக்கு வராததற்குக் கூலிவேலைதான் காரணமென்றால் நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றலாம். ஏசினால் அவர் சங்கத்தையே விட்டுப் போய்விடுவார்.

ஆகவே, ஒருவரைப் பற்றி முடிவெடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: அவருடைய நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? நமக்குத் தெரியாதது என்ன? அவரிடமே கேட்டோமா?

குழுவில் கலந்துரையாட

1. "சோம்பேறி", "நன்றியில்லாதவர்" என்று நமது கிராமத்தில் யாரைச் சொல்கிறோம்? பெயர் சொல்லாமல் அவர்களது நிலைமையை விவரியுங்கள்.

2. நம்மைப் பற்றி மற்றவர்கள் தவறாக நினைத்த சந்தர்ப்பம் ஒன்றைக் கூறுங்கள். அவர்கள் என்ன கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்?

3. கூட்டங்களுக்கு வராத குடும்பங்களை இம்மாதம் யார் போய்ச் சந்திப்பது?