டாக்டர் வேலைக்குப் பொருத்தம் பார்க்கலாமா?

சிம்பாங் பூலாய் வாசகிக்கு,

வயதில் மூத்தவன், ஊரும் பக்கத்து ஊர் என்பதால் தங்கை என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தது. மகள் ஹவுஸ்மேன் பயிற்சியை முடிக்கப்போகிறாள், அறுவைத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள், வீட்டில்தான் யாருக்கும் சம்மதமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "அவ ரொம்ப அமைதிண்ணே. அதட்டிப் பேசவே தெரியாது. சர்ஜன்னா கறாரா இருக்கணுமாமே? அவ குணத்துக்குப் பிள்ளைங்க டாக்டர் வேலைதான் பொருந்தும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" இது உங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை. மருத்துவம் படித்த பிள்ளை இருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு. அதனால்தான் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் அசிஸ்டெண்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சு வெளியே கிளம்பியது இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேதான் பிறக்கிறது. சர்ஜனுக்குப் பொறுமை கிடையாது. பொது மருத்துவம் பார்க்கிற மெடிக்கல் டாக்டர் யோசித்துக்கொண்டே இருப்பார், முடிவு எடுக்கமாட்டார். எலும்பு பார்க்கிற ஓர்த்தோக்காரர் சுத்தியலும் கையுமாகத் திரிகிற முரடர். மயக்கம் கொடுக்கிற டாக்டருக்குக் கோப்பி குடிக்கத்தான் நேரம். எக்ஸ்ரே டாக்டருக்கு மனுஷ முகமே ஆகாது. மனநல டாக்டருக்கே கொஞ்சம் மறை கழன்றிருக்கும். கோப்பிக்கடை மேசையில் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்காத ஆஸ்பத்திரி ஊழியர் இல்லை. இது போதாதென்று, எந்த ஹவுஸ்மேன் ஆன்-கால் வந்தால் அன்றைக்கு வார்டு நிரம்பி வழிகிறதோ அவனுக்கு 'ஜோனா' என்று பட்டம் கட்டிவிடுவோம். படித்தவர்கள் கூட்டத்திலும் ராசி பார்ப்பது விடவில்லை.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பெரிய மருத்துவ இதழ், கிறிஸ்துமஸ் நேரத்தில் இந்த மாதிரி கேலிகளை நிஜமாகவே அளந்து பார்த்துக் கட்டுரை போடும். ஓர்த்தோ டாக்டருக்கு மாட்டின் பலம், மூளை மட்டும் அதில் பாதி என்று அங்கே ஒரு கேலி உண்டு. 2011-இல் சுப்பிரமணியன் என்ற நம் பெயர்க்காரரும் சகாக்களும் 36 ஓர்த்தோ டாக்டர்களையும் 40 மயக்க மருந்து டாக்டர்களையும் உட்காரவைத்து, கைப்பிடியின் பலத்தையும் அறிவுத்திறனையும் சோதித்தார்கள். பலத்திலும் ஓர்த்தோதான் முன்னால், அறிவுத்திறனிலும் ஓர்த்தோதான் முன்னால். 2024-இல் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். வளைந்த கம்பியில் படாமல் ஒரு வளையத்தைக் கொண்டுபோக வேண்டும், ஐந்து நிமிடம் கெடு. சர்ஜன்களில் 84 சதவீதம் பேர் முடித்தார்கள், மெடிக்கல் டாக்டர்களில் 57 சதவீதம் பேர். விளையாடும்போது கெட்ட வார்த்தை அதிகம் பேசியவர்களும் சர்ஜன்கள்தான். பத்திரிகைகள் எல்லாம் சிரித்து எழுதின.

சிரிப்பு இருக்கட்டும். இந்தக் குணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்.

காலை ரவுண்ட்ஸைப் பாருங்கள். சர்ஜிகல் வார்டில் விடிந்ததும் விறுவிறுவென்று நடக்கும். குடல் ஆபரேஷன் ஆனவரின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காற்று பிரிஞ்சிச்சா?" என்று ஒரே கேள்வி. பிரிந்துவிட்டது என்றால் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கஞ்சி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நோயாளியின் மனைவி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கதவைத் தாண்டியிருப்பார். ஆபரேஷன் தியேட்டரில் முதல் ஆள் மேசையில் ஏறியாயிற்று, பட்டியலில் இன்னும் பேர் இருக்கிறது. மெடிக்கல் வார்டில் அப்படி முடியாது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், சிறுநீரகம், இருதயம் என்று நாலு வியாதி ஒரே உடம்பில். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். ஒரு கட்டில் அருகிலேயே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முதலாமவர் முசுடு, இரண்டாமவர் மந்தம். இருவரையும் வார்டு மாற்றி நிறுத்தினால் கொஞ்ச நாளில் நடையும் மாறும்.

மயக்க மருந்து டாக்டரின் கோப்பிக்கும் காரணம் உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியதும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். குழாய் சரியான இடத்தில் இறங்கியாக வேண்டும். தப்பினால் சில நிமிடங்களில் மூளை பாழ். அந்த நேரத்தில் பதறுகிறவர் அந்த வேலைக்கு ஆகமாட்டார். அப்புறம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆபரேஷன் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

உங்கள் வீட்டார் சொல்லும் பிள்ளைங்க டாக்டருக்கு வருகிறேன். பொம்மை படம் போட்ட சட்டை, கொஞ்சு மொழி, அதனால் இளகிய மனசு என்று நினைக்கிறோம். அவர்களைப் போல ஹவுஸ்மேனை உலுக்குகிறவர்கள் குறைவு. பிள்ளைக்கு மருந்தெல்லாம் எடைக்கணக்கு. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், எட்டு கிலோ குழந்தைக்கு 120. எழுதும்போது ஒரு புள்ளி நகர்ந்தால் மருந்து பத்து மடங்கு. சாந்தமாக இருந்தால் மட்டும் போதும் என்று மகளை அங்கே அனுப்பினீர்களானால் அவள் பாடு திண்டாட்டம்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. நம் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை நினைத்துப் பாருங்கள். கோப்பெங், பத்து காஜா பக்கம் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் டிரஸ்ஸர் என்றால் சிடுமூஞ்சி என்பார்கள். அவர் ஏன் அப்படி? விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அந்த நேரத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களில் யாருக்கு உண்மையிலேயே காய்ச்சல், யாருக்கு நேற்றைய கள்ளு என்று பார்த்து அவர் சீட்டு எழுத வேண்டும். சீட்டு இல்லையென்றால் செக்ரோல் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும். சீட்டு அதிகமானால் துரை கேள்வி கேட்பார். ஒரு பக்கம் துரை, மறுபக்கம் ஜனம், நடுவில் அவர். எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர், வார்டில் புன்னகைத்து நான் பார்த்ததில்லை. மாரியம்மன் திருவிழாவில் உறுமிச் சத்தம் கேட்டால் காவடிக்கு முன்னால் முதல் ஆளாக ஆடுவார். குணம் என்று நாம் பேர் வைத்தது அந்த நாற்காலியின் வேலை.

பிறவிக் குணம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். விரைவாக முடிவெடுக்கப் பிடித்தவர்கள் அறுவையை நாடுவதும், பேச்சுக் கொடுக்கப் பிடித்தவர்கள் குடும்ப மருத்துவத்தை நாடுவதும் உண்டுதான். ஆனால் 2002-இல் போர்ஹெஸ், சாவிக்காஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது இது: துறைக்குத் துறை இருக்கிற வித்தியாசத்தைவிட ஒரே துறைக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம் அதிகம். எல்லாக் குணக்காரரும் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். ஜாதகக் கட்டம் மாதிரி பத்துக்கு எட்டு என்று பொருத்தம் பார்க்க இதில் வழியில்லை.

இந்தப் பட்டங்களைப் பொய்யாக்க நம் கிந்தா பள்ளத்தாக்கிலேயே ஆள் உண்டு. பாப்பான் ஊரில் பிரசவம் பார்த்த தாதி சிபில் கார்த்திகேசு. பிரசவம் பார்க்கிறவள் என்றால் மென்மை, அடக்கம் என்போம். ஜப்பான்காரன் காலத்தில் அந்த அம்மா காட்டுப் போராளிகளுக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்தார், வானொலியை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார், கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசின் சித்திரவதைக்குப் பிறகும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் நிபுணராக இருந்தவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். மெடிக்கல் டாக்டர் முடிவெடுக்கத் தயங்குபவர் என்ற கேலியை அவரிடம் சொல்லிப் பாருங்கள். 1999-இலும் 2004-இலும் சுங்கை சிப்புட்டில் தோற்று, 2008-இல் அதே தொகுதியில் அமைச்சர் சாமிவேலுவைத் தோற்கடித்தவர் அவர்.

இந்தப் பட்டங்களால் இரண்டு கெடுதல் உண்டு, தங்கை. ஒன்று, கெட்ட நடத்தைக்கு அது சால்ஜாப்பு ஆகிறது. "சர்ஜன்னா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஹவுஸ்மேனை நோயாளிகள் முன்னால் திட்டுவதும் கோப்பைத் தூக்கி எறிவதும் வழக்கமாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். 2022-இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்த பிறகுதான், பணியிடப் பண்பாட்டைச் சரிசெய்ய சுகாதார அமைச்சு ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதட்டல் திறமையின் பாகம் இல்லை.

இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கு அது குறுக்குச்சுவர். அமைதியான பையன் சர்ஜன் ஆனால் நிதானக்காரன் என்பார்கள், அமைதியான பெண் என்றால் உனக்கு இது ஆகாது என்பார்கள். 2017-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். பெண் சர்ஜன்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் சற்றுக் குறைவு. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பெண் என்றால் கை நடுங்கும் என்ற பேச்சை முடித்துவைக்க அது போதும்.

மனநலத் துறையில் இந்தக் கேலி நோயாளியையே அடிக்கிறது. 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி இன்றும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறோம். அந்தக் கிண்டலுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் எத்தனையோ.

அப்படியானால் மகளிடம் என்ன கேட்பது? குணத்தைக் கேட்காதீர்கள், அந்த வேலையின் அலுப்பைக் கேளுங்கள். எல்லாத் துறைக்கும் வெளியே தெரியாத ஒரு சலிப்பு உண்டு. அறுவையில் மணிக்கணக்காகக் கொக்கி பிடித்து நிற்பதும், நள்ளிரவில் சீழ்க்கட்டி கீறுவதும், சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைத் தினமும் கழுவுவதும் அந்தச் சலிப்பு. அதைச் செய்துவிட்டு வந்தும் மறுநாள் போக மனசு இருக்கிறதா? அவளுக்கு அது தெரியும். ஆறு வார்டில் நாலு நாலு மாதம் என்று சுற்றி முடிக்கப்போகிறவள் அவள். உறவுக்காரர்கள் ஒரு நாளும் இருந்ததில்லை.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. 2016 இறுதியிலிருந்து புது டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். நிரந்தர இடமும் நிபுணர் பயிற்சிக்கான இடமும் கேட்டுத்தான் 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் ஹர்த்தால் செய்தார்கள். முதுநிலைப் பயிற்சிக்கு எந்த வழி, எத்தனை வருஷம், எந்த ஊர், குடும்பம் எப்படித் தாங்கும் என்பதை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டின் உதவி அதில்தான் தேவை.

மற்றபடி, அமைதியாகப் பேசும் சர்ஜன் வேண்டாம் என்று எந்த நோயாளியும் என்னிடம் சொன்னதில்லை. விண்ணப்பப் பாரத்தில் மகள் என்ன எழுத விரும்புகிறாளோ அதை எழுத விடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்