தொடுதிரை ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி: எங்கள் புழுங்கல் அரிசி ஆலையில் டிரையரை இயக்கும் டச் ஸ்கிரீன் பேனல் ஆறு வருடமாக ஓடுகிறது. செல்போன் மாதிரி லேசாகத் தொட்டால் எடுப்பதில்லை, அழுத்தித்தான் ஆக வேண்டும். சில மாதமாக, பட்டனுக்கு அரை விரல் வலப்பக்கம் தள்ளி அழுத்தினால்தான் மோட்டார் ஓடுகிறது. திரை போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், அனந்தபுரம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நல்ல கேள்வி. இரண்டு குறை சொல்லியிருக்கிறீர்கள். அதில் முதலாவது குறையே அல்ல.

செல்போன் திரை, மின்சாரம் கடத்தும் உங்கள் விரல் தன் மின்புலத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை உணர்கிறது. அதனால்தான் கையுறை போட்டுத் தொட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது, ஈரம் பட்டால் தடுமாறும். ஆலைப் பேனல்களில் பரவலாக இருப்பது மின்தடைத் திரை, அதாவது அழுத்தத்தை உணரும் திரை. அமெரிக்க இயற்பியலாளர் சாமுவேல் ஹர்ஸ்ட் 1970களில் தம் குழுவினருடன் உருவாக்கிய வகை இது. ஈரக் கை, எண்ணெய்க் கை, உறை மாட்டிய கை எதுவானாலும் இதற்கு ஒன்றுதான். அழுத்தம் கேட்பது இதன் இயல்பு, பழுது அல்ல.

இனி, தள்ளிப்போவதற்கு வருவோம். திரையின் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் கண்ணாடி. இரண்டின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறது. நடுவே நுண்ணிய புள்ளிகள் இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருக்கின்றன. நீங்கள் அழுத்தும் இடத்தில் படலம் குழிந்து கண்ணாடியைத் தொடுகிறது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை 0 முதல் 5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவில் தொட்டால் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று பேனல் கணக்குப் போடுகிறது.

வருடக்கணக்கில் டிரையர் வெக்கையில் இருந்தால் படலமும் பூச்சும் மெல்ல மாறும், கணக்கு பிசகும். 10.4 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 21 செ.மீ. 0.2 வோல்ட் பிசகினால் இடம் 8 மி.மீ. தள்ளிவிடும். நீங்கள் சொல்லும் அரை விரல் அதுதான்.

இதற்கு மருந்து அளவுதிருத்தம். மெக்கானிக்குகள் காலிபரேஷன் என்பார்கள். பேனலின் சிஸ்டம் மெனுவில் இருக்கும். மூலைகளில் ஒவ்வொன்றாக வரும் கூட்டல் குறியின் நடுவை விரல் நுனியால் அழுத்தினால், பேனல் புதுக் கணக்கைப் பதிந்துகொள்ளும். டிரையரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. எல்லாப் பட்டனும் ஒரே திசையில் தள்ளியிருந்தால் அளவுதிருத்தம் போதும். ஒரே ஒரு இடம் மட்டும் செத்துக் கிடந்தால் அங்கே பூச்சு வெடித்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்டார்ட் பட்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியாலோ பேனாவாலோ குத்திய பழக்கம்தான் காரணம். அப்போதுகூட முழுப் பேனலையும் வாங்க வேண்டியதில்லை. பல மாடல்களில் தொடுகண்ணாடியை மட்டும் மாற்றலாம். யாரும் தொடாமலே 'பீப்' சத்தம் வந்தால், சட்டத்துக்கும் படலத்துக்கும் நடுவே தவிடு புகுந்து அழுத்துகிறது என்று பொருள். கீழ்ச் சட்டத்தின் மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள், பழுப்பாக இறுகிக் கிடக்கும்.

அந்தத் தவிட்டைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், இன்னும் உள்ளே போகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மென்மையான தூரிகையால் வெளியே தள்ளுங்கள். திரையைச் சோப்புநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் படலத்தை மங்கவைக்கும். பேனலில் ஐ.பி. 65 என்று போட்டிருந்தால், தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அந்த உறுதி பொதுவாக முன்பக்கத்துக்கு மட்டும்தான், அதுவும் ரப்பர் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருந்தால்தான். பின்பக்கத்துக்குக் காவல், கதவு மூடிய பெட்டிதான்.

திரை நன்றாக இருக்கும்போதே பேனலின் புரோகிராமை நகல் எடுத்து வையுங்கள். பேனல் ஒருநாள் போனாலும், நகல் இருந்தால் அதே மாடலை வாங்கி ஏற்றிவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 8 மி.மீ. தள்ளிப்போன திரையில் அவசரத்துக்கு ஸ்டாப் பட்டனைத் தேடினால் விரல் தவறும். ஆகவே நிறுத்தும் வேலையைத் திரையை மட்டும் நம்பி விடக்கூடாது. சிவப்புக் காளான் வடிவ எமர்ஜென்சி பட்டன் தனி ஒயரில் நேராக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். உங்கள் டிரையரில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். இல்லையென்றால், புதுத் திரைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.